விமானத்தில் வந்த காய்ச்சல், காலியான எங்கள் பட்டி

2009-ஆம் ஆண்டு மே மாதம் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தது. எங்கள் வளவில் அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண்ணை நான் வாங்கியிருந்தேன். அதே மாதத்தில்தான் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் ஒரு புதுச் சொல்லும் நுழைந்தது: பன்றிக்காய்ச்சல். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வளவு கோவைக்குக் கிழக்கே, நொய்யல் வாய்க்கால் ஒன்றை ஒட்டி இருக்கிறது. ஊர் ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். நாற்பது வீடுகள், எல்லோரும் அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே கொங்குத் தமிழ். பாட்டியை அவ்வா என்போம், அப்பாவை நாயனா. நாயனா காலையில் சாக்கடை வேலைக்குப் போவார், தினக்கூலி. மாலையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு மூன்று ஓட்டல்களுக்குப் போய் எச்சில் சோறு, காய்கறிக் கழிவு, கழுநீர் எல்லாம் வாங்கி வருவார். அதுதான் பன்றிகளுக்குத் தீனி.

அந்த வருடம் எங்களிடம் பதினான்கு உருப்படி இருந்தன. பன்றியை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு அதன் கணக்கு தெரியாது. தாய்ப்பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள்தான். ஒரு ஈத்தில் எட்டுக் குட்டிக்குக் குறையாது, வருடத்துக்கு இரண்டு ஈத்து. நிலம் இல்லாதவன், ஆடு மேய்க்கப் போனால் காட்டுக்காரர் விரட்டுகிறவன், பாங்கில் கடன் கேட்டால் ஜாமீன் இல்லாதவன் சேர்த்து வைக்கக்கூடிய ஒரே சொத்து அது. கல்யாணம், ஆஸ்பத்திரி, இழவு எது வந்தாலும் இரண்டு உருப்படியைப் பிடித்துக் கொடுப்போம். பாலக்காட்டுப் பக்கமிருந்து யாவாரி டெம்போவில் வருவார். எடை போட்டு, கையில் பணம் கொடுத்துவிட்டுப் போவார். கடன் சொன்னதே இல்லை.

நான் பொறியியல் படிக்க வேண்டும் என்று நாயனாவுக்கு ஆசை. அதற்கு ஒரு புது வழியும் அந்த வருடம் திறந்திருந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி, ஆதிதிராவிடருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2009 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆதிதிராவிடருக்கு 100 இடம் என்றால் அதில் 16 இடம் அருந்ததியருக்கு. அதன் கீழ் கல்லூரிக்குப் போன முதல் வரிசைப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. இடம் கிடைத்துவிடும், கல்வி உதவித்தொகையும் வரும். ஆனால் அந்தத் தொகை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கல்லூரியில் முன்பணம் கட்ட வேண்டும், பஸ் கட்டணம், புத்தகம், நல்லதாக நாலு துணி. ஆறு பன்றியை விற்றால் போதும் என்று நாயனா விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார்.

அதே ஏப்ரல் 29-க்கு உலகத்தில் இன்னும் இரண்டு சேதி உண்டு. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் பரவத் தொடங்கியிருந்த புதுக் காய்ச்சலுக்கு உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கையை ஐந்தாம் நிலைக்கு உயர்த்தியது அன்றுதான். எகிப்து அரசு, நாட்டிலுள்ள மூன்று லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டதும் அன்றுதான். அன்றைய தேதியில் எகிப்தில் ஒரு மனிதருக்குக்கூட அந்தக் காய்ச்சல் வந்திருக்கவில்லை. அங்கே பன்றி வளர்த்தவர்கள் யார் தெரியுமா? கெய்ரோ நகரத்துக் குப்பையை வீடு வீடாகப் போய் அள்ளுகிற ஜபாலீன் மக்கள். பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள், முக்கத்தம் மலையடிவாரத்தில் குப்பையோடு குடியிருப்பவர்கள். அள்ளி வந்த குப்பையில் அழுகும் மிச்சத்தைப் பன்றிக்குப் போட்டு, பன்றியை விற்றுப் பிழைத்தவர்கள். பன்றிகளைக் கொன்ற பிறகு கெய்ரோவின் தெருக்களில் உணவுக் கழிவு மலையாகக் குவிந்தது. தின்பதற்குப் பன்றி இல்லை, அள்ளுவதற்கு அவர்களுக்கு அவசியமும் இல்லை. இதையெல்லாம் நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். படிக்கும்போது எங்கள் வாய்க்கால் மேட்டைப் படிப்பதுபோலவே இருந்தது.

பன்றிகளைக் கொல்வதில் பொருளில்லை என்று அறிவியலாளர்கள் அப்போதே சொன்னார்கள். ஏப்ரல் 30 அன்று உலக சுகாதார நிறுவனமும் 'பன்றிக்காய்ச்சல்' என்ற பெயரை விட்டுவிட்டு 'இன்ஃப்ளூயன்சா ஏ எச்1என்1' என்று எழுத ஆரம்பித்தது. அமெரிக்காவில் பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் பெரிய முதலாளிகள். பெயரால் வியாபாரம் கெடுகிறது என்று அவர்கள் போட்ட சத்தம் அரசின் காதில் ஏறியது. நம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெயர் மாறவில்லை. எச்1என்1 என்பது நாக்கில் நிற்காது, பன்றிக்காய்ச்சல் நிற்கும்.

இந்தக் கிருமி உண்மையில் என்ன? பன்றிக் காய்ச்சல், பறவைக் காய்ச்சல், மனிதக் காய்ச்சல் ஆகியவற்றின் மரபுக்கூறுகள் கலந்து பிறந்த ஒன்று. பன்றியின் மூச்சுக்குழாயில் பறவைக் கிருமியும் ஒட்டும், மனிதக் கிருமியும் ஒட்டும். அதனால் அங்கே கலப்பு நடப்பது எளிது. ஆனால் மனிதருக்குள் வந்த பிறகு அது மனிதரின் இருமலிலும் தும்மலிலும்தான் பரவியது. வேகவைத்த கறியில் பரவாது. இந்தியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் நோயாளி மே மாதம் ஹைதராபாத்தில் விமானத்தில் வந்து இறங்கியவர். அந்தக் காய்ச்சலை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது பாஸ்போர்ட் உள்ளவர்கள். எங்கள் வளவில் அப்போது ஒருவரிடமும் பாஸ்போர்ட் இல்லை.

யாவாரி வராத ஆடி மாதம்

ஜூன் 11 அன்று இது உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். பாலக்காட்டு யாவாரி அதற்கு முன்பே வரவை நிறுத்திவிட்டார். நாயனா ஒரு ரூபாய் போனில் கூப்பிட்டதற்கு, "தின்ன ஆளில்லைங்க, கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொன்னாராம். பன்றி பொறுக்காது. விற்காவிட்டாலும் தின்னும்.

ஜூலையில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வு. நானும் நாயனாவும் ரயிலில் போய் வந்தோம். கோவையிலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. நாயனா அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்.

ஆகஸ்ட் 3 அன்று புனேயில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி இறந்தாள். இந்தியாவில் அந்தக் காய்ச்சலின் முதல் பலி. அடுத்த வாரமே சென்னையில் ஒரு சிறு குழந்தை. அதுவரை வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த ஊர் ஒரே நாளில் பயந்தது. மருந்துக்கடையில் முகக்கவசம் தீர்ந்துபோனது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். பயந்ததைத் தவறென்று சொல்ல மாட்டேன். பிள்ளை செத்த சேதி கேட்டால் யாருக்கும் பயம் வரும். அந்தப் பயம் எந்தத் திசையில் திரும்பியது என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஓட்டல்காரர்கள். மூன்றில் இரண்டு பேர் நாயனாவின் வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது என்றார்கள். கழிவை எடுக்காவிட்டால் அவர்களுக்கும் நாற்றம்தான், ஆனாலும் வேண்டாம். பிறகு மளிகைக்கடை. என் தம்பி கொடுத்த காசைக் கடைக்காரர் கையில் வாங்காமல், "அங்க வெய்யி" என்று பலகையைக் காட்டினார். டீக்கடையில் எங்களுக்கு மட்டும் தூக்கிப்போடும் கப். இரட்டை டம்ளர் என்று சொன்னால் வழக்கு வரும், அதனால் பல இடங்களில் கண்ணாடி டம்ளர் ஊர்க்காரர்களுக்கும் பிளாஸ்டிக் கப் எங்களுக்கும் என்று முன்பே மாறியிருந்தது. காய்ச்சல் வந்ததும் அதற்கு ஒரு சுகாதாரக் காரணமும் கிடைத்துவிட்டது. "நோய்க் காலம் பாருங்க" என்றார் கடைக்காரர். நோய்க் காலம் என்றால் எல்லோருக்கும் அந்தக் கப்பில்தானே கொடுக்க வேண்டும்? இதை நாயனா கேட்கவில்லை. நான் கேட்டேன். பதில் வரவில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பேரூராட்சியிலிருந்து ஒரு ஆள் வந்து, மூன்று நாளில் பன்றிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் இல்லை. எங்கே கொண்டுபோவது? உறவுக்காரர் ஊரிலும் இதே கதை. நாயனா கால்நடை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரைக் கூட்டி வந்தார். அவர் நல்ல மனுஷர். பட்டிக்குள் இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஒரு சளி கூட இல்லைப்பா, எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்னார். அதை எழுதித் தரும்படி கேட்டோம். அப்படி எழுதித் தரும் அதிகாரம் தனக்கு வரவில்லை என்று சங்கடப்பட்டார்.

நான்காம் நாள் விடியற்காலை லாரி வந்தது. பன்றி பிடிக்கிற ஆட்கள் வெளியூர்க்காரர்கள். கம்பிச் சுருக்கும் கொம்பும் வைத்திருந்தார்கள். அவர்களும் எங்களைப்போலப் பன்றி வளர்க்கிற சனம்தான், தினக்கூலிக்கு வந்தவர்கள். ஒருவர் என் அம்மாவிடம், "மன்னிச்சுக்க தாயி, எங்களுக்கும் இன்னைக்குக் கூலி இதுதான்" என்றார். பன்றி கத்தினால் ஊரே கேட்கும். அன்றைக்கு நாற்பது வீட்டுப் பன்றிகளும் கத்தின. எங்கள் பதினான்கில் பதினொன்றைப் பிடித்துப் போனார்கள். மூன்று மட்டும் வாய்க்கால் புதரில் புகுந்து தப்பின. பிடித்துப் போனவற்றுக்கு ரசீது இல்லை. ஈடும் இல்லை. அவற்றை எங்கே கொண்டுபோய் என்ன செய்தார்கள் என்பதும் எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கறிக்கு விற்றிருப்பார்கள் என்று நாயனா சொல்வார். அப்படியானால் அதைத் தின்றவர்களுக்குக் காய்ச்சல் வரவில்லையா என்று அம்மா கேட்பாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பன்றிகள் தெருவில் திரிவது நல்லதல்ல. சாக்கடையில் மேயும் பன்றியால் நாடாப்புழு பரவும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றி உடலில் பெருகும். கொசு அதை மனிதருக்குக் கொண்டுவரும். இதெல்லாம் மெய். பட்டியில் அடைத்து வளர்க்கச் சொல்வதும், வீடுகளிலிருந்து தள்ளி இடம் ஒதுக்குவதும் உள்ளாட்சியின் வேலை. எங்களுக்கு முன்பும் பின்பும் யாரும் அப்படி ஒரு சென்ட் இடம் ஒதுக்கவில்லை. மூளைக்காய்ச்சலுக்காக ஒருநாளும் வராத லாரி, பன்றியால் பரவாத ஒரு காய்ச்சலுக்காக வந்தது.

கிணற்றில் இறங்கிய அவ்வா

லாரி போன அன்று வளவில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. அவ்வா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. அதற்கு அப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். "இதென்ன காச்சலு, நாம் பாக்காத காச்சலா" என்று ஆரம்பித்து, தனக்குக் கல்யாணமான புதிதில் வந்த ஒரு காய்ச்சலைப் பற்றிச் சொன்னது. வருடம் எல்லாம் அதற்குத் தெரியாது. "காமராசரு காலம், மோட்டாரு வந்துக்கிட்டிருந்த நேரம்" என்றது. கணக்குப் போட்டால் 1957.

அந்த ஆண்டுக் காய்ச்சலை ஆசிய ஃப்ளூ என்று உலகம் அழைத்தது. அது நம் நாட்டுக்கு வந்தது கப்பலில். சிங்கப்பூரிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த 'ரஜூலா' கப்பல் மே மாத நடுவில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது அதில் பலருக்குக் காய்ச்சல் இருந்தது. மலேயாத் தோட்டங்களுக்கும் ரங்கூனுக்கும் கூலிகளைச் சுமந்துபோன காலத்துக் கப்பல்களின் வரிசையில் வந்தது அது. சென்னையிலிருந்து சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் சுமார் 44 லட்சம் பேருக்குக் காய்ச்சல் கண்டதாகவும், 1,098 பேர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு. கணக்கில் வந்தது அவ்வளவு. எங்கள் வளவில் போன உயிர்களை யாரும் எழுதிக்கொண்டு போகவில்லை என்றது அவ்வா.

கொங்கு நாட்டு மாணவர்கள் தெரிந்துகொள்ள இதில் ஒரு சேதி உண்டு. இந்தியாவின் இன்ஃப்ளூயன்சா ஆய்வு மையம் அப்போது இயங்கியது நம் மலையில்தான், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில். அந்த 1957 காய்ச்சல் நாட்டில் எப்படிப் பரவியது என்ற முழு விவரமும் உலக சுகாதார நிறுவனத்தின் இதழுக்கு அங்கிருந்துதான் எழுதிப் போனது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது.

அவ்வாவும் தாத்தாவும் அப்போது ஒரு கவுண்டர் தோட்டத்தில் பண்ணையத்தில் இருந்தார்கள். கவலை இறைக்கும் தோல் பறியைத் தைப்பதும் செப்பனிடுவதும் தாத்தா வேலை. மின்மோட்டார் வர வர அந்த வேலை போய்க்கொண்டிருந்தது. சாணி அள்ளுவது, தொண்டுப்பட்டி கூட்டுவது, களை எடுப்பது அவ்வா வேலை. தோட்டத்துக் கிணற்றை அவர்கள் தொடக் கூடாது. யாராவது வந்து ஊற்றினால் கையேந்திக் குடிப்பார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் முதலே நடைமுறையில் இருந்தது. தோட்டத்துச் சாளைக்கு அது வந்து சேரவில்லை.

அந்த ஆனி மாதம் தோட்டத்து வீட்டில் ஆறு பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள். மேல்வலி, கண் எரிச்சல், எழுந்தால் தலைசுற்று. தண்ணீர் சேந்த ஆள் இல்லை. மாடுகள் தண்ணீருக்குக் கத்துகின்றன. வீட்டம்மா புறவாசலுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அதற்குப் பிறகு அவ்வா சொன்னதை அதன் வாயாலேயே தருகிறேன்.

"அந்தம்மா எந்நேரமும் தள்ளி நிக்கறவிய. அன்னைக்கு எம்பக்கத்துல வந்து, 'ஏ புள்ள, நீயே எறங்கித் தண்ணி சேந்து கொண்டா'ன்னாங்க. எனக்குப் பயம். கெணத்தத் தொட்டா அடிப்பாங்களே. 'அட, ஆரு பாக்கறா, போ'ன்னாங்க. எட்டு நாளு நாந்தேன் சேந்துனேன். மாட்டுக்கு ஊத்துனேன், ஊட்டுக்கு ஊத்துனேன். கொள்ளுத்தண்ணி வெச்சு வாசல்ல வெச்சேன், அதையும் குடிச்சாங்க. ஒம்பதாம் நாளு காச்சலு உட்டுது. பத்தாம் நாளு பூசாரியக் கூட்டியாந்து கெணத்துல மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க. நாம் பழையபடி கையேந்துனேன்."

சொல்லிவிட்டு அவ்வா சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்குக் காய்ச்சல் வரலையா அவ்வா?" என்று கேட்டேன். வந்ததாம். அவர்களுக்கு விட்ட பிறகு இதற்கு வந்தது. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தது, தங்கவில்லை. அதை அவ்வா அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்று அம்மா பிறகு சொன்னாள். அந்த வீட்டிலிருந்து எட்டு நாள் வேலைக்குத் தனிக்கூலி எதுவும் இல்லை. கொஞ்சம் கம்பு கொடுத்தார்கள்.

அதற்கும் முந்திய காய்ச்சலைத் தன் மாமியார் சொல்லக் கேட்டதாக அவ்வா சொன்னது. "வெசக்காச்சலு. பொதைக்கப் போனவனப் பொதைக்க ஆளில்லை." அது 1918. முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் வந்த அந்தக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அந்த ஆண்டு மழை பொய்த்தது, தானியம் விலை ஏறியது. வயிறு காய்ந்த உடம்பில் கிருமி எளிதில் வென்றது. கோவை நகரம் அதற்கு முன்பே பிளேக்கால் அடிவாங்கியிருந்தது. 1901 கணக்கெடுப்பில் 53,080 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1911-இல் 47,007 ஆகக் குறைந்தது. நகரத்தில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்ததற்குப் பின்னால் இருப்பது அந்தக் காலம்தான்.

1918 காய்ச்சல் ஆளைப் பார்த்து அடித்ததா? பம்பாய் நகரில் அப்போது எடுத்த கணக்கு இருக்கிறது. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று சமூக வாரியாகப் பிரித்த கணக்கு. ஐரோப்பியர்களில் 8.3 பேர். 'தாழ்ந்த சாதி' என்று குறித்த மக்களில் 61.6 பேர். மற்ற இந்துக்களில் 18.9 பேர். கிருமிக்குச் சாதி தெரியாது என்று மேடையில் பேசுவார்கள். மூன்று மடங்கு வித்தியாசம் கிருமியால் வந்ததல்ல. ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள், எவ்வளவு தின்றிருந்தார்கள், படுத்தபோது தண்ணீர் கொடுக்க ஆள் இருந்ததா, மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்ததா என்பதால் வந்தது. சாதி என்பது அந்த நகரத்தில் இந்த நான்கையும் முடிவு செய்தது.

இன்னொரு சேதி என்னை வெகுநாள் விடாமல் துரத்தியது. 1918-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பன்றிகளும் மனிதரைப் போலவே காய்ச்சலில் படுத்தன. இரண்டும் ஒரே நோய்தான் என்று சொன்ன கால்நடை மருத்துவர் கோன் மீது பன்றிப் பண்ணைக்காரர்கள் கோபப்பட்டார்கள், விற்பனை கெடும் என்று. பின்னால் 1930-களில் ரிச்சர்ட் ஷோப் என்பவர் பன்றியிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். மனிதரிடமிருந்துதான் அது பன்றிக்குப் போயிருக்க வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. பன்றிக்கு எழுதத் தெரிந்திருந்தால் அது 'மனிதக்காய்ச்சல்' என்று பெயர் வைத்திருக்கும்.

அப்பா தொழில்?

மிஞ்சிய மூன்று பன்றியைப் பாதி விலைக்கு விற்றோம். அவ்வாவின் தோடு அடகுக்குப் போனது. அம்மா தன் மகளிர் குழுவில் உள்கடன் வாங்கினாள். குழுவில் இருந்த பன்னிரண்டு பேரும் பன்றி பறிகொடுத்தவர்கள், ஆனாலும் முதல் கடனை எனக்குக் கொடுக்கலாம் என்று கை தூக்கினார்கள். ஒரு வாரம் தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்தேன்.

சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். "விவசாயக் கூலின்னு போடு சாமி" என்றார் நாயனா. அப்படியே போட்டேன். ஆனாலும் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதே வகுப்பில் இருந்தான். இரண்டே வாரத்தில் எனக்கு 'எச்1என்1' என்று பெயர் வந்துவிட்டது. ஊரில் நாக்கில் நிற்காத பெயர் கல்லூரியில் நன்றாகவே நின்றது. நான் இருமினால் பெஞ்சு நகரும். உண்மையில் செப்டம்பரில் வகுப்பில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் வந்தது விடுமுறைக்கு வெளிநாடு போய் வந்த ஒரு பெண்ணுக்கு. அவளை யாரும் எதுவும் சொல்லவில்லை; பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்கள். நானும் போனேன். அவள் நல்ல பெண். எனக்குக் கடைசிவரை நோட்டு கொடுத்து உதவியவள்.

எனக்கும் தம்பிக்கும் அக்டோபரில் வந்தது. மூன்று நாள் கடுங்காய்ச்சல், இரண்டு வாரம் இருமல். லேசான காய்ச்சலுக்குப் பரிசோதனை வேண்டாம், வீட்டிலேயே தனியாக இருங்கள் என்பது அப்போதைய அரசு வழிகாட்டல். ஒரே அறை உள்ள வீட்டில் எப்படித் தனியாக இருப்பது? அவ்வா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தது. அதனால்தான் சரியானது என்று நான் எழுத மாட்டேன். அந்த வயதில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியானது. ஆய்வகத்தில் உறுதிசெய்த கணக்கில் மட்டும் உலகம் முழுக்க 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் வரை இருக்கலாம் என்று பின்னால் கணித்தார்கள். 2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்தார்கள். எங்கள் பட்டி அதற்குள் புல் முளைத்துக் கிடந்தது.

நாயனா பிறகு பன்றி வளர்க்கவில்லை. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாக முழுநேரமும் போனார். 2020-இல் கொரோனா வந்தபோது அவர் ஊர்த் தெருவில் கிருமிநாசினி தெளித்தார். அந்த ஆண்டுதான் தமிழ்நாடு அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. ஊரில் ஒருநாள் சால்வை போட்டார்கள். எந்த மளிகைக்கடையில் தம்பியின் காசைக் கையில் வாங்கவில்லையோ அந்தக் கடைக்காரரே, "மாதாரி, எங்க வாசலுக்கு இன்னொரு தடவ அடிச்சுட்டுப் போ" என்று கூப்பிட்டாராம். அடித்தீர்களா என்று கேட்டேன். "அடிச்சேன். அவியளும் மனுசருதானே" என்றார். கூலி நிரந்தரமாகவில்லை, வேலையும் நிரந்தரமாகவில்லை.

2015 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் நோய்களுக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. ஊர், ஆள், இனம், தொழில், விலங்கு ஆகியவற்றின் பெயரை நோய்க்கு வைக்காதீர்கள் என்கிறது அது. அப்படி வைத்ததால் கெட்டதற்கு உதாரணமாக அது காட்டும் பெயர்களில் பன்றிக்காய்ச்சலும் ஒன்று. கொரோனாவுக்குக் 'கோவிட்-19' என்று பெயர் வந்தது இந்த நெறிமுறையின்படிதான். இருந்தும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் நம் மாவட்டச் செய்தியில் 'பன்றிக்காய்ச்சலுக்கு ஒருவர் பலி' என்று இன்றும் வருகிறது. எச்1என்1 இப்போது ஆண்டுதோறும் வரும் சாதாரணப் பருவக் காய்ச்சல்களில் ஒன்று. 'ஃப்ளூ காய்ச்சல்' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

பெயர்க் குழப்பம் இப்போது கூடியும் விட்டது. 'ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல்' என்பது முற்றிலும் வேறு நோய். அது பன்றிகளைக் கொல்லும், மனிதருக்கு வராது. 2020-இல் வடகிழக்கு மாநிலங்களில் முதலில் தெரிந்தது. 2023 ஜனவரியில் நம் பக்கத்து முதுமலையில் காட்டுப்பன்றிகள் அதில் செத்தன. அதற்காகப் பன்றிகளை அழித்தால் வளர்ப்பவருக்கு ஈடு கொடுக்க மத்திய, மாநில அரசுகளின் திட்டம் இருக்கிறது. வளர்ப்பவர்கள் கால்நடை மருந்தகத்தில் தங்கள் பன்றிகளைப் பதிந்து வைத்திருப்பது நல்லது. யாராவது பிடிக்க வந்தால் எழுத்தில் உத்தரவைக் கேளுங்கள், எண்ணிக்கை எழுதிய ரசீதைக் கேளுங்கள். எங்களுக்கு அன்றைக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

பன்றி வளர்ப்புக்கு இப்போது மரியாதையும் வந்திருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணை வைக்க 50 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் 30 லட்சம் ரூபாய். ஆனால் அது நூறு தாய்ப்பன்றி வைக்கிறவருக்கான கணக்கு. நிலம் வேண்டும், சொந்தமாக இல்லாவிட்டால் குத்தகைப் பத்திரம் வேண்டும், மீதிப் பணத்துக்கு வங்கி வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பன்றி வளர்த்தவரிடம் இந்த மூன்றும் இல்லை. மூன்றும் உள்ளவர்கள் இப்போதுதான் பன்றி வளர்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். நான் பார்த்த இரண்டு புதுப் பண்ணைகளில் கொட்டில் கழுவுகிற வேலை எங்கள் ஆட்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

என் தம்பி சிறியதாக ஒன்றை ஆரம்பிக்கப் பார்க்கிறான். மாவட்டத் தொழில் மையத்திலும் கேட்டிருக்கிறான், கால்நடைத் துறையிலும் கேட்டிருக்கிறான். வாய்க்காலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி அரை ஏக்கர் தரிசு பேசியிருக்கிறது. போன மாதம் இடம் பார்க்க வந்த கால்நடை மருத்துவர், தண்ணீரும் பாதையும் சரியாக இருக்கிறது, குத்தகை மட்டும் பதிவுப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். நிலத்துக்காரர் வாய்ப்பேச்சுக்குச் சம்மதிக்கிறார். பத்திரம் பதிய யோசிக்கிறார். ஐப்பசிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.